காலியிடம் அக்காவின் கணக்கு

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களே, அக்காவின் துணைவரான தையற்கலைஞர் அவர்களே, அன்பு மகளே, ரத்த வங்கியின் தோழர்களே! கலங்கிய கண்களோடு வந்திருக்கும் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நம் ரத்த வங்கியின் கணினிப் பொறுப்பாளர், நாம் எல்லோரும் "காலியிடம் அக்கா" என்று அழைத்தவர், இன்று இல்லை. வாய் சொல்கிறது, மனம் கேட்கவில்லை. நேற்று அந்தப் பழைய கணினியைத் திறந்தேன். வரவேற்புத் திரையில் அவருடைய பெயர் அப்படியே நிற்கிறது. உள்ளே போனால் எச்சரிக்கை: வட்டில் இடமில்லை! புதிய கொடையாளர் ஒருவரின் பெயரைக்கூட ஏற்ற முடியவில்லை. துடைக்க வேண்டியதையெல்லாம் துடைத்தாயிற்று. மிஞ்சியிருக்கும் ஒரே பெரிய சுமை, படங்களும் பழைய கோப்புகளும் நிறைந்த அக்காவின் பயனர் கணக்குதான். அதை வைப்பதா, எடுப்பதா? அந்தக் கேள்வியோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

அந்தக் கணினியின் முரண்டு நமக்குத் தெரியாததா? கொடையாளர் பதிவேடு அந்தப் பழைய இயங்குதளத்தில்தான் ஓடும். வட்டு நிரம்பினால் திறக்காது. திறக்காவிட்டால் யாரிடம் போய் ரத்தம் கேட்பது? நாமோ கைக்குக் கிடைத்ததையெல்லாம் அதில் கொட்டினோம். அக்கா திட்டிக்கொண்டே அள்ளிக் காலியிடம் உண்டாக்கினார். "இதென்ன உங்க வீட்டுப் பரணா? நோயாளி பேருக்கு இடமில்ல, உங்க கல்யாண வீடியோவுக்கு இடமா?" என்பார். வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இந்த அவையில் யார் இருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

ஒரு மதிய நேரம். அறுவைக்கூடத்தில் ஒரு தாய். பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. கிடைப்பதற்கரிய ரத்தவகை. பதிவேடு திறக்க மறுத்தது! அவருடைய தம்பி நம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தார். பழைய புதுப்பிப்புகளின் மிச்சங்களைத் துடைத்தார். போதவில்லை. கணினியின் குப்பைத்தொட்டிதான் வயிறு புடைத்துக் கிடந்தது. "அதைக் கொட்டித் தொலைங்கம்மா!" என்று கத்தினார் பணியிலிருந்த மருத்துவர். ஒரு சொடுக்குதானே! அக்கா சொடுக்கவில்லை. எழுந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்: "தொட்டியைக் காலி பண்ணப் போறேன். உள்ள யாரோடதாவது இருக்கா?"

இருந்தது! நம் பதிவு எழுத்தர் முகம் வெளுத்து ஓடிவந்தார். பதிவேட்டில் இருந்தவை பழைய தொலைபேசி எண்கள். அரிய ரத்தவகைக்காரர்களின் புதிய எண்களை அவர் அந்தக் குப்பைத்தொட்டியில்தான் போட்டு வைத்திருந்தார். "வெளிய வெச்சா ஆளாளுக்கு நோண்டுறாங்கக்கா. குப்பையில யார் கை வைப்பாங்க?" என்றார். உலகத்தில் வேறெங்காவது இப்படி ஒரு பெட்டகம் உண்டா! அக்கா தலையில் அடித்துக்கொண்டார். எண்களை மீட்டார். பிறகுதான் தொட்டியைக் கவிழ்த்தார். கொடையாளர் வந்தார், தாய் பிழைத்தார். அந்தத் தாயும் பிள்ளையும் இதோ, முன்வரிசையில் இருக்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள், அந்தக் கணக்கை எடுக்க எனக்கு மனம் வருமா? படங்களையும் கோப்புகளையும் நகலெடுத்து இன்று காலை குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிட்டேன். ஆனால் அந்தப் பெயர்? அதைத் திரையிலிருந்து எடுத்தால் அக்காவை நானே வெளியே அனுப்புவது போலிருந்தது. "இருந்துட்டுப் போகட்டுமே" என்றார்கள் தோழர்கள். வாசலில் அவர் கணவரிடம் கேட்டேன். அழுதுகொண்டே சிரித்தார்.

"நான் ஒரு கிழிஞ்ச சட்டையை ஒளிச்சு வெச்சாக்கூட விடமாட்டா தம்பி. அவ பேரைச் சொல்லி ஒரு நோயாளியைக் காக்க வெச்சீங்கன்னா நம்மளை மன்னிக்கவே மாட்டா. எடுத்துடுங்க."

ஆகவே தோழர்களே, இந்த அவையில் உறுதி கூறுகிறேன். அக்கா செய்த வேலையை இனி நான் செய்வேன். கேட்காமல் யாருடையதையும் அழிக்க மாட்டேன். திட்டவும் செய்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டம் கலைந்ததும் நேரே போய் அக்காவின் கணக்கை நீக்குவேன். அந்தப் பழைய கணினி என்னைக் கேட்கும்: கோப்புகளை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா? அழிப்பேன். அழித்த கையோடு, வெளியே காத்திருக்கும் கொடையாளரை உள்ளே அழைத்து, அவர் பெயரை ஏற்றுவேன்.