கையால் திருகிய நட்டு

முன் சக்கரம் மாட்டும்போது எல்லாரும் அவசரப்படுகிறார்கள், ஐயா. அச்சைச் செருகியதுமே முறுக்கிவிடுவார்கள். அது தப்பு. வண்டியைத் தரையில் நிறுத்தி, கைப்பிடியை நாலு தடவை அமுக்கிவிட வேண்டும். அப்போதுதான் அச்சு தன் இடத்தில் உட்காரும். பிறகுதான் நட்டை ஸ்பானரால் இறுக்க வேண்டும். காஜா பெராங்கில் என் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு வந்த வண்டி எதுவும் வழியில் நின்றதில்லை.

பூங்காவனம் எனக்கு ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் இந்தக் கிரீஸ் கைதான். கல்யாணமாகி அவள் சிங்கப்பூருக்குப் போனபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்தேன் என்று சொல்லமாட்டேன். மாப்பிள்ளை கருணாகரன் தங்கமானவர். ஆடிக்கு அவளை அழைத்து வந்தேன். அந்த ஒரு மாதம் நான் மனிதனாக இருந்தேன்.

ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார்.

"மெர்டேக்கா சுதந்திர தினக் கொண்டாட்டத்தப் பாத்துட்டுப் போலாமே, மாப்பிள்ள," என்றேன்.

"லீவு இல்லியே மாமா. நாளைக்கே கெளம்பணும். அவ பஸ்ஸுல வரட்டும். முன் டயருல ஆணி ஏறிருச்சி, கொஞ்சம் பாத்துக் குடுங்க."

சக்கரத்தைக் கழற்றி ஒட்டுப் போட்டேன். திரும்ப மாட்டி, கைப்பிடியை அமுக்கி, அச்சை உட்காரவைத்தேன். நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, ஸ்பானரைத் துடைத்து வைத்தேன். கொல்லும் எண்ணம் சத்தியமாகக் கிடையாது. பக்கத்து ஊர் செமாபோக் தாண்டுவதற்குள் சக்கரம் ஆடும், விழுவார், ஒரு கால் முறியும். கால் முறிந்தவரை வேறு எங்கே வைத்துப் பார்ப்பது? என் வீட்டில்தானே? பக்கத்தில் இருந்து பார்க்க மகளும் வேண்டும். சில மாதம் ஓடிவிடும். அதற்குமேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றவள், வண்டியைக் கண்டதும் மனம் மாறிவிட்டாள்.

"பெட்டிய அப்புறமா அனுப்புங்கப்பா. நான் இவரு பின்னாலயே ஒக்காந்துக்கறேன்."

ஏறி உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

செமாபோக்கில் விழுந்தார்கள். நான் நினைத்தபடியே மாப்பிள்ளைக்குக் கால்தான் முறிந்தது. மகளுக்குத் தலையில் அடி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது. என் குழந்தை, ஐயா. மாப்பிள்ளையோ, "வேகமா ஓட்டிட்டேன், மன்னிச்சிருங்க மாமா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். அவர் மேல் வழக்குப் போடாதீர்கள்.

அவள் ஏறியபோது ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். தடுத்திருக்கலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. "சக்கரத்தை இன்னொரு தரம் பார்த்துவிடுகிறேன்" என்றால் இருவரும் இறங்கியிருப்பார்கள். ஒரு நிமிட வேலை.

ஆனால் இறுக்கிக் கொடுத்திருந்தால் அவள் போயிருப்பாளே, ஐயா.