எத்தினி நிலா?

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் சாயங்கால பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் நடுத்தர வயதுக் கணவன், மனைவி. மனைவி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"வெள்ளிமலையில எங்க எறங்கணும்?" என்றார் கண்டக்டர்.

"எங்கயும் எறங்கலைங்க. மலையில நிலா பாத்துட்டு இதே பஸ்ல திரும்பிடுவோம்," என்றார் கணவர். "இவளுக்குக் கண் ஆபரேசன் பண்ணி இன்னிக்குதான் கட்டு அவுத்தாங்க. நிலா ரெண்டா தெரியுதுன்னு ரொம்ப நாளா சொல்லிக்கினு இருந்தா. நான் நம்பல."

"கிண்டல் பண்ணிக்கினு இருந்த," என்றாள் அவள்.

பஸ் மலையேறத் தொடங்கியது.

"இப்பவும் ரெண்டா தெரிஞ்சா இன்னாய்யா பண்றது?"

"மொதல்ல பாரு."

ஒரு வளைவில் பஸ் திரும்பியதும், கீழே வயல்வெளிகளுக்கு மேல் பௌர்ணமி நிலா முழுசாகத் தெரிந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் சாய்ந்தாள்.

"எத்தினி தெரியுது?" அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"ஒண்ணுதான்யா."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பஸ் அடுத்த வளைவில் திரும்பியது.

பிறகு அவள் சொன்னாள்: "ஆனா ரெண்டு நிலாவும் நல்லாத்தான் இருந்துச்சு. உனக்குதான் குடுத்து வெக்கல."