சம்புக்கு ஒரு ரிட்டர்ன் பம்ப்

ஐயோ பாய், ரிட்டர்ன் பண்ண வரலைங்க நான், வாங்க வந்திருக்கேன்! ரிட்டர்ன் பம்ப்னு அதுக்குப் பேரே அப்படித்தான். எந்தக் கடைக்குள்ள நுழைஞ்சு இந்த வார்த்தையைச் சொன்னாலும், வித்த சாமானைத் திருப்பி எடுக்கிறதில்லம்மான்னு போர்டைக் காட்டுறாங்க. உங்க கடையிலயும் தொங்குது, பாத்துட்டேன். நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் காட்டுங்க.

எங்க வீட்டு ஹால்ல ஒரு கண்ணாடி மீன் தொட்டி இருக்கு. அதுக்கு நேர் கீழ, தரைக்கு அடியில ஒரு ரூம். பாலக்கரையில எங்க மனை ரோட்டை விடப் பள்ளம், தூக்கிக் கட்டினதுல அடியில அப்படி ஒரு ரூம் கெடச்சுது. அதுல இன்னொரு தொட்டி. மேல் தொட்டித் தண்ணி குழாய் வழியாக் கீழ எறங்கி, மணல்லயும் கரியிலயும் வடிஞ்சு சுத்தமாகும். அந்தத் தண்ணியை மறுபடி மேல ஏத்தணும். திருப்பி அனுப்புறதால ரிட்டர்ன். கீழ இருக்கிற தொட்டிக்குப் பேரு சம்ப்.

பாத்தீங்களா, பாத்தீங்களா, நீங்களும் அந்த அரை ஹெச்பியைத்தான் தூக்குறீங்க! அது குடிதண்ணி சம்புக்கு பாய். நம்ம ஊர்ல சம்புன்னாலே மொட்டை மாடி டேங்குக்கு ஏத்துறதுதான். இதுக்கு முன்னாடி ஒரு ஆளு, கடை பேரு வேண்டாம் விடுங்க, சம்பு தானம்மா, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்கன்னு இதையேதான் என் தலையில கட்டினான். ஆளை அனுப்பி மாட்டியும் குடுத்தான். ஜோரா ஓடுது பாருங்க டீச்சர்னான். நானும் நம்பி ஸ்கூலுக்குப் போயிட்டேன். சாயந்திரம் வந்து கதவைத் தெறக்குறேன், ஹாலெல்லாம் தண்ணி. அது ஏத்துற வேகத்துக்குத் தண்ணி கீழ எறங்கணும்ல? மேல பொங்கி வழியுது, கீழ சொட்டுத் தண்ணி இல்லாம மோட்டார் புகையுது.

மீனா? மீன் கெடக்கட்டும், பம்பு கதைக்கு வாங்க.

அது வேண்டாம், அது கூலர் பம்பு. அதையும் பாத்தாச்சு. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் புடிச்சு ஸ்ரீரங்கம் வரைக்கும் போனேன், அம்மா மண்டபம் பக்கம் கலர் மீன் விக்கிற ஒருத்தர் இருக்காருன்னு. காவேரி பக்கத்துல ஓடறச்சே மீனுக்கு எதுக்கும்மா தொட்டி, தொட்டிக்கு எதுக்கும்மா மோட்டாருன்னு கேக்கறார். மீன் விக்கிற மனுசன் கேக்குற கேள்வியா இது? கடைசில இந்தக் குட்டியைத்தான் எடுத்து நீட்டினார். பாதிக் குழாய்க்கு மேல ஏற மாட்டேங்குது. உர்ருங்குற சத்தத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. ஒண்ணு மாடியில ஏறி உக்காருது, இன்னொண்ணு படியே ஏற மாட்டேங்குது. நடுவுல ஒண்ணு செய்ய இந்த ஊர்ல ஆளே இல்லையா?

நானா இதெல்லாம் கட்டினேன்? எங்க வீட்டுக்காரர் வேலைங்க. பிலோமின்ராஜ்னு, குவைத்துல ஒரு அரபி வீட்டுல மோட்டார் மெக்கானிக். அந்த வீட்டுல இப்படி ஒரு தொட்டியாம், இவருதான் அதைப் பாத்துக்குறார். லீவுல வந்தவர் அதே மாதிரி இங்கயும் ஒண்ணு கட்டிட்டு, பம்பையும் அங்கேருந்தே கொண்டுவந்து மாட்டிட்டுப் போயிட்டார். அது எரிஞ்சு போச்சு. இன்னொண்ணு அனுப்பச் சொல்லலாம்தான். சொன்னா எரிஞ்சதைச் சொல்லணும், அப்புறம் ஒவ்வொண்ணாக் கேப்பார்.

மாசாமாசம் கேசட் பேசி அனுப்புவார் பாய். ஆக்னஸ், நல்லா இருக்கியாம்பார். அப்புறம் கரகரன்னு டேப் ஓடுற சத்தம்தான் கேக்கும். தொண்டையைச் செருமுவார். அப்புறம் பம்பு எப்படி ஓடுதுன்னு ஆரம்பிச்சார்னா, அடேயப்பா, ஒரு பக்கம் முடிஞ்சு கேசட்டைத் திருப்பிப் போடணும். நான் டைபாய்டுல படுத்துக் கெடந்ததுக்கு, ஒடம்பைப் பாத்துக்கோன்னு ஒரே வரி. செவலைக்கு வாலு ஏன் வெளுத்துச்சுன்னு அரை கேசட்டு! செவலைன்னா ஒரு மீனு, பெருசு, செகப்பா இருக்கும். எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அந்த டேப் ரிக்கார்டரைத் தூக்கிப் போட்டு உடைக்கலாமான்னு இருக்கும்.

இதுல தண்ணி விழற சத்தத்தை வேற கேசட்ல புடிச்சு அனுப்பணும். சத்தத்தைக் கேட்டே பம்பு எப்படி இருக்குன்னு சொல்லிடுவாராம். சும்மா பேச்சுக்குச் சொல்றார்னு நெனச்சு, போன தடவை நானே சொம்புல மொண்டு ஊத்திப் புடிச்சு அனுப்பினேன். என்ன ஆக்னஸ், யாரோ குளிக்கிற மாதிரி இருக்குன்னு கேட்டுட்டார். பம்பைக் கழட்டிக் கழுவினேன்னு கடுதாசி போட்டுச் சமாளிச்சேன். அங்க அவர் ரூம்ல கூட இருக்கிற ஜமால் லீவுல வந்திருக்கார், இந்த வெள்ளிக்கிழமை குவைத்துக்குத் திரும்புறார், அவர் கையில கேசட்டைக் குடுத்தனுப்பணும். அதுக்குள்ள தண்ணி ஓடணும், நெசமாவே ஓடணும்.

இதுவா? கால் ஹெச்பியா? நடுவுல ஒரு குழாயைப் பிரிச்சு விட்டு, மிச்சத் தண்ணியைக் கீழயே திருப்பி விடலாமா? அட, இதை ஏன் பாய் இத்தனை நாள் ஒருத்தனும் சொல்லல! போட்டுக் காட்டுங்க. அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, சத்தம் கேக்கணும். ம்... இது தேவலாம்.

சுத்திச் சுத்தி மீனுக்கே வர்றீங்களே பாய். மீன் இல்லைங்க. அன்னைக்கு வழிஞ்ச தண்ணியோட எல்லாம் வெளிய வந்து கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. செவலை மட்டும் வாயைத் தெறந்து தெறந்து மூடிக்கிட்டு இருந்துச்சு. அள்ளிச் சொம்புல போட்டேன், பொழைக்கல. புதுசா வாங்கலாம், அது ஒண்ணும் பெருசு இல்லை. டேப்ல மீனா கேக்கப் போகுது?

கோவிச்சுக்க மாட்டாருங்க, தங்கமான மனுசன். போனாப் போகுது விடும்பார். கல்யாணம் ஆகி நாங்க ஒண்ணா இருந்ததே ரெண்டு லீவுதான் பாய். முதல் லீவு விருந்து சாப்பிட்டே போச்சு, ஒருத்தரை ஒருத்தர் நிமிந்து பாத்துக்கல. ரெண்டாவது லீவுல இந்தத் தொட்டியைக் கட்டினோம். நான் கண்ணாடியைப் புடிச்சுக்கிட்டேன், அவர் பசை தடவினார். என்னைப் பாத்துச் சிரிச்சதே அப்பத்தான். வேற என்னத்தை வச்சு நாங்க பேசுறது? மீன் செத்துப் போச்சுன்னு சொன்னா, அடுத்த கேசட்ல நல்லா இருக்கியாம்பார், நல்லா இருக்கேம்பேன். மிச்ச டேப்பு சும்மா ஓடும்.

சரி, இதையே கட்டுங்க. நான் ரிட்டர்ன் பண்ண மாட்டேன்.