வைரஸ் காய்ச்சல்

ரத்தத் துளியைக் கண்ணாடியில் மெல்லிசாக இழுத்துப் பரப்புவதில் எங்கள் லேபில் என் கைக்கு நல்ல பெயர் உண்டு, ஐயா. சாயம் போட்டுக் காயவைத்தால் வெள்ளை அணுக்களின் கரு ஊதாவாகத் தெரியும். எது எந்த வகை என்று மைக்ராஸ்கோப்பில் பிரித்துச் சொல்வதுதான் என் வேலை.

வாயாடி என்று நான் கூப்பிடுவது என் அக்கா மகளை. அக்கா பிரசவத்திலேயே போய்விட்டாள். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு அத்தான் வேலைக்காக வெளியூர் போனார். அவள் என்னைச் சித்தி என்று கூப்பிட்டதே இல்லை. அம்மாதான்.

இந்த வருஷம் அத்தான் மறுமணம் செய்துகொண்டார். "பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பாப்பாவை அழைச்சுக்கறேன்மா. உனக்கும் ஒரு வாழ்க்கை வேணும்ல" என்றார். தங்கமான மனிதர். எனக்கு அவர்மேல் கோபமில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். நானே எடுத்தேன்.

கண்ணாடி முழுக்கப் பெரிய பெரிய அணுக்கள். அணு முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் கரு. முதிராதவை. ரத்தப் புற்று என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சிறு பிள்ளைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் வகைதான். ஆனால் அதற்கான ஆஸ்பத்திரி அத்தானின் ஊரில் இருந்தது. வருஷக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டும். என்னை யார் கூப்பிடப்போகிறார்கள்?

என் கையிலிருந்து ரத்தம் எடுத்து, அவள் பெயர் ஒட்டிய குழாயில் ஊற்றினேன். பரிசோதனை முடிவில் ஒரு குறையும் இல்லை.

"வைரஸ் காய்ச்சல்தான்" என்றார் டாக்டர்.

"உடம்பு தேறட்டும், அப்புறம் வர்றேன்" என்றார் அத்தான்.

காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் பரிசோதனைக்கு அவள் பெயரில் என் ரத்தத்தையே கொடுத்தேன். அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

"லீவு விட்டாச்சாம்மா?" என்று ஒருநாள் கேட்டாள். "அப்பா வீட்ல எனக்குத் தனி ரூம் இருக்காம்."

"இன்னும் இல்லடா கண்ணு" என்றேன். லீவு விட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

கடைசியில் மூக்கிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. என் மடியில்தான் அடங்கினாள்.

அத்தான் ஓடி வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ மட்டும் இல்லேன்னா இத்தனை நாள்கூட அவ இருந்திருக்க மாட்டா."

நான் மறுக்கவில்லை. அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.