ஒரே ஊசியில ரெண்டு மருந்து

இந்த இடத்துல ஒரு சின்னக் கதை சொல்லிட்டுப் போறேன். பின் வரிசையில கடிகாரத்தப் பாக்கிற அண்ணாச்சி... அஞ்சு நிமிஷந்தான், பயப்படாதீங்க.

ஒரு ஆஸ்பத்திரி. பிறந்து பன்னிரண்டு நாளான ஒரு பிள்ள. ரத்தத்துல கிருமி... உடம்பு அனலா கொதிக்குது. டாக்டர் ரெண்டு மருந்து எழுதினாரு. ஒண்ணு ஆம்பிசிலின், இன்னொண்ணு ஜென்டாமைசின். இந்த ஜென்டாமைசின் இருக்கே, வாயில ஊத்தினா குடல் அத உள்ள வாங்காது. வந்த வழியே போயிரும். ஊசியாத்தான் போடணும்.

போட வந்தாங்க நர்ஸ் ஜெபசீலி. பிள்ளையோட அம்மா முப்பிடாதி அவங்க கையப் பிடிச்சுக்கிட்டா.

"சிஸ்டர்... இத்துனூண்டு தொடை. ரெண்டு தடவ குத்தணுமா? ஒண்ணாப் போட்டிருங்களேன்."

யாருக்குத்தான் மனசு இளகாது? ஜெபசீலிக்கும் இளகிருச்சு. ரெண்டையும் ஒரே சிரிஞ்சில ஏத்தினாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே குத்து.

ஒரு நாள் போச்சு... ரெண்டு நாள் போச்சு... காய்ச்சல் இறங்கல. பிள்ள பால் குடிக்கல. அழக்கூடத் தெம்பில்ல. டாக்டர் சார்ட்டப் பாக்காரு. மருந்து சரி, அளவு சரி.

"பெறகு ஏன்மா மருந்து கேக்கல? நீங்க எப்படிப் போடுறீங்க?"

ஜெபசீலி சொன்னாங்க... "நான்தான் சார், ரெண்டையும் ஒண்ணாக் கலந்துட்டேன்."

டாக்டர் தலையில கை வச்சிட்டாரு. "சிரிஞ்சுக்குள்ளயே ஆம்பிசிலின் போய் ஜென்டாமைசினோட ஒட்டிக்கிடுமேம்மா. அப்புறம் அது கிருமிய எங்க கொல்லும்?"

அன்னையிலேர்ந்து தனித்தனி ஊசி, தனித்தனி தொடை. மூணாம் நாள்... வார்டே திரும்பிப் பாக்கிற மாதிரி ஒரு அழுகை. பசி அழுகை. முப்பிடாதி பால் கொடுத்துக்கிட்டே அழுதா. ஜெபசீலி சுவர்ல சாஞ்சு, அப்பாடான்னு மூச்சு விட்டாங்க. நீங்களும் விடுங்க, பிள்ள பொழச்சிருச்சு.

இப்ப உங்ககிட்ட வாரேன். வீட்டுல சண்ட. மன்னிப்புக் கேக்கப் போறீங்க. எப்படிக் கேக்கிறீங்க? "மன்னிச்சுக்கோ... ஆனா நீயும் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது." மன்னிப்பு நல்ல மருந்து. குறையச் சொல்றதும் ஒரு மருந்துதான், வேண்டாம்னு சொல்லல. ரெண்டையும் ஒரே சிரிஞ்சில ஏத்தினா? மன்னிப்பு அங்கேயே செத்துப்போச்சு. தனியாப் போடுங்கய்யா. குறைய நாளைக்குச் சொல்லுங்க, ஒண்ணும் கெட்டுப் போகாது.

டாக்டர் கேட்டப்ப ஜெபசீலி என்ன சொன்னாங்க? "நான்தான் கலந்துட்டேன்." அவ்வளவுதான். முப்பிடாதி கையப் பிடிச்சுக் கெஞ்சினது அவங்களுக்கு மறந்தா போச்சு? மறக்கல. அந்தப் பேச்சுல அதக் கலக்கல.