ரேடியோவுக்குள் எதிர்வீட்டு எறும்பு

வாபஸா? அதெப்படி ஸார் வாங்கறது? புகார் எழுதிக் குடுத்தாச்சு, செக்ரட்டரி நரேன் தாதாவும் கையெழுத்துப் போட்டு வாங்கிண்டாச்சு. தாதான்னா இந்த ஊர்ல அண்ணான்னு அர்த்தம். இன்னிக்குப் பத்தரைக்குக் கீழ கமிட்டி மீட்டிங். 'நாலாவது மாடி எதிர் ஃப்ளாட்டுல ஆர்டர் எடுத்து ஸ்வீட் பண்றதை உடனே நிறுத்தணும்'னு ஒரே ஒரு வரிதான். அதை எழுதறதுக்குள்ள மூணு பேப்பர் கிழிச்சேன், தெரியுமோ? உக்காருங்கோ. அந்த நாற்காலி வேண்டாம், அதுல ரேடியோவோட மூடி இருக்கு. இதுல உக்காருங்கோ.

உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல சுரேஷ்குமார். உங்காத்து அகிலா மேலயும் இல்ல. தங்கமான பொண்ணு. போன மாசம் குடி வந்த அன்னிக்கே ஒரு டப்பா அதிரசம் குடுத்துட்டுப் போனா. கல்கத்தாவுல இந்த டாக்குரியாவுக்கு நான் வந்து முப்பத்தோரு வருஷம் ஆச்சு, அப்படி ஒரு அதிரசம்... சரி, அதை விடுங்கோ. துர்கா பூஜைக்கு நாப்பது வீட்டுக்குத் தரேன்னு ஒத்துண்டுட்டா, இப்ப நிறுத்தினா யார் மூஞ்சில முழிக்கறதுன்னு ராத்திரியெல்லாம் அழறாங்கறேள். புரியறது ஸார். ஆனா எனக்கும் கஷ்டம்னு ஒண்ணு இருக்கோன்னோ?

இதோ, இதுதான் என் கஷ்டம். பாக்க இரும்புப் பொட்டி மாதிரி இருக்கும். அறுபத்தெட்டுல பண்ணின ரேடியோ செட்டு, கேக்கறதோட பேசவும் செய்யலாம். கிதிர்பூர் துறைமுகத்துல வயர்லெஸ்ல வேலை பாத்தப்போ ஒரு கப்பல்ல கழிச்சுக் கட்டினது. ஞாயித்துக்கிழமை காலம்பற எட்டு மணிக்கு நாங்க பதினோரு கிழவன்கள், ஊருக்கு ஒருத்தரா, இதுல பேசுவோம். லைசென்ஸ் வெச்சிண்டுதான் ஸார், திருட்டுத்தனமா இல்ல. போன்ல பேசினா ஆகாதான்னு எங்காத்துல கேப்பா. போன்ல எல்லாரும்தான் பேசறா. என்ன பெருமை அதுல?

இந்தக் குமிழ் இருக்கு பாருங்கோ, ஸ்டேஷன் புடிக்கற குமிழ், இது இறுகிப் போச்சு. திருப்பினா நகராது. இன்னும் துளி திருப்பினா ஒரே தாவு... விசாகப்பட்டினத்துல பேசிண்டிருக்கற ரமேஷ்பாபுவைத் தாண்டி எவனோ சீனாக்காரன்கிட்ட போய் நிக்கும். கடையில குடுங்கோன்னா எல்லாரும். எந்தக் கடை? சாந்தினி மார்க்கெட் வரைக்கும் தூக்கிண்டு போனேன். கடைக்காரர் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, 'யூ.எஸ்.பி. எங்க சொருகணும் தாதா'ங்கறார். சரிதான்னு நானே பிரிச்சுட்டேன்.

கிட்ட வாங்கோ, குனிஞ்சு பாருங்கோ. குமிழுக்குப் பின்னாடி ரெண்டு பல்சக்கரம். அது சுத்தினா இந்தத் தகடெல்லாம் சுத்தும். பாதித் தகடு அசையாது, மீதிப் பாதி அதுகளுக்கு நடுவுல பூந்து பூந்து வரும். கேங் கண்டென்சர்னு பேர். எவ்வளவு பூந்து வரதோ அதுக்குத் தக்கபடி ஸ்டேஷன் மாறும். நடுவுல எடவெளி ஒரு போஸ்ட் கார்டு கனம்தான். பழைய கிரீஸ் காஞ்சு பிசினாட்டம் ஒட்டிண்டிருந்துது. நாலு நாள் ஸார்... டூத் பிரஷ், ஸ்பிரிட், காது குடையற பட்ஸ். எங்காத்துல சால்ட் லேக்ல பொண்ணாத்துக்குப் போயிருந்ததால கேக்க ஆளில்ல, டைனிங் டேபிள் முழுக்க ஸ்க்ரூ. ஒண்ணைக் காணும்னு ரெண்டு நாள் தேடினேன், நான் வெச்ச சாம்பார்ல இருந்துது. எல்லாத்தையும் பூட்டி, எண்ணெய் விட்டு, திருப்பினேன் பாருங்கோ... வெண்ணெய். சுண்டு விரலே போதும். ரமேஷ்பாபு குரல் கணீர்னு வரது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுத்து.

அது ஒரு ஞாயித்துக்கிழமை. அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரே கரகரா. 'என்ன ராகவன், வாணலியில என்ன வறுக்கறே'ன்னு ரமேஷ்பாபு கேக்கறார். மூடியத் திறந்தா எறும்பு. தகட்டுக்கு நடுவுல அது பாட்டுக்கு உள்ள போறது, வெளிய வரது. ஒரு எறும்பு போனா ஸ்டேஷன் துளி நகரும். நூறு எறும்பு போனா? மனுஷன் பாதி வார்த்தையில காணாமப் போயிடறார். போன வாரம் பத்து பேருமா சேந்து, 'நீ சரி பண்ணிண்டு வா'ன்னு என்னை அனுப்பிச்சுட்டா ஸார். அந்த வயித்தெரிச்சல்ல எழுதினதுதான் அந்தப் பேப்பர்.

இந்த ஊர்ல ஸ்வீட் இல்லாத வீடே கிடையாது, எங்காத்தை மட்டும் ஏன் சொல்றேள்னு கேக்கறேள். நல்ல கேள்வி. நான் கண்ணை மூடிண்டு பழி போடறவன் இல்ல. பரீட்சை பண்ணிப் பாத்தேன். ரேடியோவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டுல சந்தேஷ், இந்த ஊர்ப் பால் ஸ்வீட். அந்தப் பக்கம், நான் எனக்கே தெரியாம ஒளிச்சு வெச்சிருந்த கடைசி அதிரசம். அரை மணி நேரம் வாட்சைப் பாத்துண்டு உக்காந்திருந்தேன். சந்தேஷை ஒரு எறும்பு திரும்பிப் பாக்கல. மொத்தக் கூட்டமும் அதிரசத்து மேல. குளிர்காலமா இருந்தா நோலேன் குர், அதான் புது ஈச்ச வெல்லம், போட்ட சந்தேஷ்னு சந்தேகப்படலாம். இப்பப் புரட்டாசி. இது வெல்லம் தின்னு ருசி கண்ட எறும்பு ஸார். இந்தக் கட்டிடத்துல வெல்லப் பாகு காய்ச்சறது அகிலா ஒருத்திதான். இதுக்கு என்ன பதில் சொல்றேள்?

என்ன, எழுந்துண்டுட்டேள்? எங்கேர்ந்து வரதுன்னு பாக்கப் போறேளா? பாருங்கோ, தாராளமாப் பாருங்கோ. உங்காத்துலேர்ந்து வரதுன்னா வாசக்கதவு வழியாத்தான் வரணும்... இல்லையா? அப்ப ஜன்னல்... ஜன்னல்லயும் இல்லையா? சமையல் உள்ளுக்கா போறது? அங்க ஒண்ணும் கிடையாது ஸார். எனக்கு ஷுகர், ஆத்துல சர்க்கரையே வாங்கறதில்ல. இருங்கோ, நானும் வரேன்.

எந்தப் பாட்டில்? அதைச் சுத்தியா எறும்பு மொய்க்கறது? அது நல்லெண்ணெய் ஸார். எறும்பு எண்ணெய் குடிக்குமா என்ன? தூத்துக்குடிலேர்ந்து மச்சினன் கொண்டு வந்தது. மெஷின் ஆயில் தீந்து போயிருந்துது, அதுக்காக மறுபடி சாந்தினிக்கு யார் போறதுன்னு இதைத்தான் பல்சக்கரத்துல ரெண்டு சொட்டு... சரி, ஒரு கரண்டி. தாராளமா இருக்கட்டுமேன்னுதான். சுத்தமான மரச்செக்கு எண்ணெய். லேபிளைப் படியுங்கோ, அதுலயே போட்டிருக்கு.

ஏன் சத்தமாப் படிக்க மாட்டேங்கறேள்? இப்படிக் குடுங்கோ, கண்ணாடி போட்டுக்கறேன். 'கருப்பட்டி... சேத்து... ஆட்டினது.'

ஆமாம். கசக்காம இருக்கக் கருப்பட்டி போட்டுதான் ஆட்டுவா. எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சின்ன வயசுலேர்ந்து தெரியும்.

விளக்க வேண்டாம் ஸார், புரிஞ்சுடுத்து. இத்தனை வருஷம் கப்பல் கப்பலா வயர்லெஸ் பாத்தவன், சொந்த ரேடியோவை மிளகாய்ப் பொடிக்குக் குழைக்கறாப்ல எண்ணெய் விட்டுக் குழைச்சு வெச்சிருக்கேன்.

மணி என்ன? பத்து இருவதா? சுரேஷ்குமார், ஒண்ணு பண்ணலாமா? எறும்பு தானாப் போயிடுத்துன்னு நரேன் தாதாகிட்ட நான் நைசாச் சொல்லிடறேன். உங்களுக்கும் காரியம் ஆச்சு, எனக்கும்... பாட்டிலை எதுக்கு எடுத்துக்கறேள்? அதைக் கீழ கொண்டு போய்க் காட்டினா காளி பூஜை வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா ஸார். செருப்பு மாட்டிண்டாச்சா? லிஃப்டை நிறுத்துங்கோ, நானும்...

போயிட்டார்.

போகட்டும். அவர் கீழ சொல்லிக்கட்டும், எல்லாரும் சிரிக்கட்டும். அந்தப் பொண்ணு என்னாலன்னா அழுதிருக்கா. அவகிட்ட நான்தான் சொல்லணும்.

அகிலா... கொஞ்சம் கதவைத் திறம்மா. எதிராத்து மாமாதான். எறும்பு எங்காத்து எறும்பும்மா.