பாதிப் பைத்தியம்

— முழுப் பைத்தியம்னு போட வேணாம், டாக்டரம்மா. பாதின்னு போட்டுக் குடுங்க, போதும்.

— உங்க துணிக்கடை மாதிரி இங்க மீட்டர் கணக்குல கிழிச்சுக் குடுக்கறதில்லைங்க. உங்க அண்ணன் என்ன பண்றார்னு சொல்லுங்க.

— விடிஞ்சதும் சாமியோட பேசறார். ஒரு மணி நேரம்.

— என் மாமியாரும்தான் பேசறாங்க.

— அவங்களுக்குச் சாமி பதில் சொல்றாரா?

— அவரை எங்க பேச விடறாங்க? நீங்க மேல சொல்லுங்க.

— பேசி முடிச்சுட்டு நேரா கடைக்கு வந்து உண்மையைச் சொல்றாரு, டாக்டரம்மா! முப்பது வருஷமா ரெண்டு பேரும் சேந்து நடத்தற துணிக்கடை. முந்தாநாள் ஒரு குடும்பமே வந்து, கல்யாணத்துக்குச் சிவப்புத் துணியா அள்ளிக் குவிச்சுது. நான் கட்டு போடச் சொல்றேன். இவர் நடுவுல வந்து, "தண்ணி பட்டா சாயம் போயிரும்மா, எதிர்க்கடையில பாருங்க"ங்கறார்.

— சாயம் போகுமா?

— போகும். அதுக்கு?

— இல்ல, கேட்டேன்.

— பொய் சொல்லாதேன்னு சாமி சொல்லிட்டாராம். அவருக்கென்ன, அவரா சரக்கு எடுத்தாரு?

— இதுக்கு எங்க புஸ்தகத்துல வியாதி இல்லையே.

— கடைசிப் பக்கத்துல பாருங்க, இருக்கும். உங்க சீட்டு ஒண்ணு கையில இருந்தா, கல்லாச் சாவியை வாங்கிட்டு அண்ணனை வீட்டோட உக்கார வெச்சுருவேன். கால்வாசின்னாவது போடுங்க.

— நம்பிக்கை ஜாஸ்தின்னு யாரையும் நோயாளியாக்க முடியாதுங்க. நான் பாக்கறது ரெண்டே விஷயம். அவரால அடுத்தவங்களுக்கு ஆபத்து உண்டா?

— எனக்கு உண்டு.

— உங்களைத் தவிர.

— ஈ எறும்புக்குக்கூட இல்ல. தங்கம்.

— தன்னைத்தானே பாத்துக்கறாரா? சாப்பாடு, தூக்கம், மாத்திரை மருந்து?

— சாப்பாடு கம்மிதான். மருந்தே வேணாம்னுட்டாரு. பதினெட்டு வருஷமா சர்க்கரைக்கு ரெண்டு வேளை ஊசி. சாமி குணமாக்கிட்டாருன்னு அத்தனையும் குப்பையில போட்டுட்டாரு.

— எப்போ?

— ஞாயித்துக்கிழமை.

— இன்னிக்கு வியாழன். நாலு நாளா ஊசியே இல்லையா? வந்ததும் இதைத்தானேய்யா சொல்லணும்!

— அது பக்தி, டாக்டரம்மா. அதுல நாங்க தலையிட மாட்டோம். அண்ணி தெருவெல்லாம் பெருமையா சொல்லிட்டு வராங்க. நீங்க சாய விஷயத்துக்கு வாங்க.

— அவர் இப்போ எங்க?

— வெளிய பெஞ்சுலதான். வர்ற வழியெல்லாம் வாந்தி, தண்ணி தண்ணின்னு ஒரே தாகம், மூச்சு வேற புஸ்ஸு புஸ்ஸுன்னு. இங்க வந்து உக்காந்தவர் கண்ணை மூடிட்டாரு. ரெண்டு தரம் உலுக்கினேன், அசையல. ஆழ்ந்த தியானம் போலன்னு, காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு உள்ள வந்தேன்.